கிள்ளானில் நின்ற ஆத்தங்குடிக் கல்: ஒரு முதல் ஏற்றுமதியின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடி வட்டாரத்தில் சிறு பட்டறைகளுக்கு ஏற்றுமதிக் காகித வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். கீழே எழுதியிருக்கும் விவகாரம் என்னிடம் வந்தபோது சரக்கு ஏற்கெனவே மலேசியாவில் இறங்கி நின்றுவிட்டது. அதற்கு முன் நடந்ததைப் பட்டறைக்காரரும் இரண்டு துறைமுகத்து முகவர்களும் காட்டிய காகிதங்கள், வாட்ஸ்அப் செய்திகளிலிருந்து தொகுத்திருக்கிறேன். பெயர்களையும் தொகைகளையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

தரையில் பதிக்கும் பூ வேலைச் சிமென்ட் கல் செய்யும் பட்டறை, ஆத்தங்குடியில் இருக்கிறது. அப்பா தொடங்கியதை இப்போது மகன் நடத்துகிறார். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சென்னை, பெங்களூரு, புதுச்சேரி கட்டடக் கலைஞர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். இவருடைய கல் இதற்கு முன்பும் வெளிநாடு போயிருக்கிறது. ஆனால் சென்னை வியாபாரி ஒருவர் வாங்கித் தன் பெயரில் அனுப்பியதால், இவர் கையில் வந்தது உள்ளூர் பில் மட்டுமே. ஏற்றுமதிக் காகிதம் எப்படி இருக்கும் என்றே பார்த்ததில்லை.

2024 பொங்கல் கழிந்ததும் மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஓர் உள்ளலங்கார ஒப்பந்தக்காரர் நேரடியாகப் பேசினார். அவருடைய தாத்தா தேவகோட்டைப் பக்கத்திலிருந்து போனவர். ஓர் உணவகத்துக்கும் ஒரு வீட்டுக்குமாகச் சுமார் 4,000 சதுர அடி வேண்டும், தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும்வரை செலவு பட்டறையுடையது, அதற்குப் பிறகு தன்னுடையது என்றார். நடுவில் ஆள் இல்லாததால் இரண்டு பேருக்கும் விலை கட்டுபடியானது. முன்பணம் வந்தது, வேலை தொடங்கியது.

கல் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வில்லங்கம் கடைசியில் அதில்தான் வந்து நின்றது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம் என்று, சிமென்ட்டோடு கரைத்த சாயத்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த கலவையை மேலே தூவி, அதன்பின் ஈரச் சாந்தைப் போட்டுக் கரணையால் சமன் செய்வார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானே விட்டுவிடும். மேல்முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொண்டு வரும். இதில் சூளை கிடையாது, சுடுவது கிடையாது, மெருகுப் பூச்சும் கிடையாது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளுக்குள் போனவர்கள் கவனித்திருப்பார்கள். சுவரில் பதித்திருக்கும் பூ டைல்ஸ் பல வீடுகளில் ஜப்பானிலிருந்து வந்தவை, சுட்ட பீங்கான். காலடியில் இருப்பது ஆத்தங்குடிக் கல், சுடாத சிமென்ட். பார்ப்பவருக்கு இரண்டுமே டைல்ஸ்தான். கஸ்டம்ஸ் வரிப் பட்டியலில் சுவர் 69-ஆம் அத்தியாயம், தரை 68-ஆம் அத்தியாயம்.

காகிதங்கள் தயாரான விதம்

முதல் தடை மே மாதம் வந்தது. தூத்துக்குடி முகவர் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணைக் கேட்டார். ஐ.இ.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சென்னை வியாபாரி சொல்லி எப்போதோ 500 ரூபாய் கட்டி வாங்கி வைத்திருந்தார். இப்போதெல்லாம் அது தனி எண்கூட இல்லை, பான் எண்ணேதான். ஆனால் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள், விவரம் ஒன்றும் மாறாவிட்டாலும், தளத்தில் போய் ‘எல்லாம் சரி’ என்று உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் செயலிழந்துவிடும். இவருடையது செயலிழந்துதான் கிடந்தது. நல்லவேளை, அந்தக் கால வரம்புக்குள்ளேயே தெரிந்ததால் ஆடிட்டர் அலுவலகத்தில் செலவில்லாமல் புதுப்பித்துவிட்டார்கள்.

ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி, ஏற்றுமதிப் பணம் எந்த வங்கிக் கிளைக்கு வரும் என்று காட்டும் ஏ.டி. கோடைத் துறைமுகத்தில் பதிவது, மரப்பெட்டிகளுக்கு வெப்பத்தில் பதப்படுத்திய முத்திரை ஆகியவை சிக்கலில்லாமல் முடிந்தன. முத்திரை விஷயத்தில் முகவர் கறாராக இருந்தார், அது நல்லதாகப் போயிற்று. பச்சை மரத்தில் அடித்த பெட்டி இறங்கும் இடத்தில் பயிர்நோய்த் தடுப்புப் பிரிவிடம் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் கல்லையும் சேர்த்தே நிறுத்திவிடுவார்கள்.

தவறு நடந்தது இன்வாய்ஸில். பொருள் விவரத்தில் ‘ஃப்ளோர் டைல்ஸ்’ என்றும், சரக்கின் வகையைச் சொல்லும் எச்.எஸ். கோடு 6907 என்றும் அடித்திருந்தார்கள். இது புதிதாக வந்த தவறு இல்லை. ஜி.எஸ்.டி. வந்த காலத்தில் கணக்கு எழுதுபவர் கணினியில் ‘டைல்ஸ்’ என்று தேடியபோது முதலில் வந்தது 6907. அதையே பில் சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டார். 6907 என்பது பீங்கான் டைல்ஸ். சிமென்ட்டால் ஆன கல்லுக்கு 6810, அதிலும் டைல்ஸுக்கு 6810 19. உள்ளூரில் இரண்டுக்குமே வரி 18 சதவீதம் என்பதால் இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை. வாங்குபவருக்கும் வித்தியாசமில்லை, வரித் துறைக்கும் வித்தியாசமில்லை. இன்வாய்ஸில் இருந்த எண்ணை முகவர் அப்படியே, கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லில் ஏற்றினார். அவர் கல்லைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார்.

இரண்டாவது தவறு பூர்விகச் சான்றிதழில். மலேசியாக்காரர் ‘சி.ஓ.ஓ. மறக்காமல் அனுப்புங்கள் அண்ணே’ என்று கேட்டிருந்தார். பட்டறைக்காரரும் அக்கறையாக ஒரு வர்த்தக சபையில் விண்ணப்பித்து, முத்திரை குத்திய சான்றிதழை வாங்கி அனுப்பினார். அது சலுகையில்லாச் சான்றிதழ். இந்தப் பொருள் இந்தியாவில் செய்தது என்று மட்டும் சொல்லும். இறக்குமதி வரியில் ஒரு பைசா குறைக்காது.

ஜூலையில் சரக்கு கப்பலேறியது. இருபதடி கன்டெய்னரில் முக்கால்வாசி இடம் காலி. சிமென்ட் கல்லில் இடம் நிறைவதற்கு முன் எடை நிறைந்துவிடும். அந்தக் காலி இடத்தில் மரப்பெட்டிகள் நகராமல் கட்டுவதில் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

கிள்ளானில் என்ன நடந்தது

சரக்கு இறங்கியதும் அங்குள்ள முகவர் இரண்டு கேள்வி கேட்டார்.

ஒன்று, 6907 என்று போட்டிருக்கிறீர்கள், பீங்கான் டைல்ஸ் என்றால் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் தரச்சான்று எங்கே? அந்த நாட்டில் குறிப்பிட்ட சில கட்டுமானப் பொருள்களை அந்த வாரியத்தின் சான்று இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அந்தப் பட்டியலில் பீங்கான் டைல்ஸ் உண்டு. இரண்டு, வரிச் சலுகை கேட்பதாக இருந்தால் ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின் சலுகைச் சான்றிதழான ‘ஃபார்ம் ஏ.ஐ.’ எங்கே? நீங்கள் அனுப்பியது வேறு சான்றிதழ்.

இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. துறைமுக வாடகை ஓடத் தொடங்கியது.

இந்த நேரத்தில் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி யோசித்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. வெளிநாட்டு வர்த்தகப் பிரச்சினை, ஆகவே வெளிநாட்டு வர்த்தகத்தைப் பார்க்கும் அமைச்சகத்தில் முறையிடுவோம் என்று இருவருமே கிளம்பினார்கள். பட்டறைக்காரர் மதுரையிலுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரக அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். மலேசியாக்காரர் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சுக்குத் தொலைபேசி போட்டார். மிட்டி என்று அங்கே அழைப்பது அதைத்தான். இரண்டு இடத்திலும் மரியாதையாகப் பேசினார்கள். இரண்டு இடத்திலும் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்றார்கள்.

மதுரையிலிருந்து திரும்பிய அன்று மாலைதான் பட்டறைக்காரர் என்னிடம் வந்தார். “அண்ணே, அமைச்சகம் ஒண்ணுதானே? கோடு மாத்தணும்னா தூத்துக்குடிக்குப் போங்கிறாங்க, சர்டிபிகேட்டுன்னா சென்னைக்குப் போங்கிறாங்க, ரெண்டுக்கும் நாங்க இல்லைங்கிறாங்க. அப்ப அவங்க எதுக்குத்தான் இருக்காங்க?”

எந்த வேலை யாருடையது

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மற்றதைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக் காட்டினேன்.

தில்லியில் இருப்பது வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகம். அதற்குள் இரண்டு துறைகள். வர்த்தகத் துறை ஏற்றுமதி இறக்குமதியைப் பார்க்கிறது. மற்றொன்று தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை. காப்புரிமை, வணிகக் குறி, புவிசார் குறியீடு எல்லாம் இதன் கீழ். 2019-இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் குறியீடு கொடுத்த பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, அதுவும் இந்தத் துறையைச் சேர்ந்ததே.

வர்த்தகத் துறையின் பெரிய வேலை பேச்சுவார்த்தை. எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம், எந்தப் பொருளுக்கு எவ்வளவு சலுகை, எது நம் நாட்டுப் பொருள் என்று ஏற்கப்படும் என்பதையெல்லாம் பேசி முடிப்பது. ஆசியான்–இந்தியா சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி முதலும், மலேசியாவுடன் தனி ஒப்பந்தம் 2011 ஜூலை முதலும் நடைமுறையில் இருக்கின்றன. அடுத்தது கொள்கை. 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எதை அனுப்பலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பது இங்கேதான் முடிவாகிறது. இப்போதைய கொள்கை 2023 ஏப்ரலில் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் கை டி.ஜி.எஃப்.டி., அதாவது மதுரையில் இவர் போய் வந்த அந்தத் தலைமை இயக்குநரகம். ஐ.இ.சி. கொடுப்பதும் அதைச் செயலிழக்கச் செய்வதும் அவர்கள்தான்.

சலுகைச் சான்றிதழ் வேறு கையில். விண்ணப்பம் டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் போகும். ஒப்பந்தத்தைப் பொறுத்து, அதற்கென நியமித்த அமைப்புகள் சரிபார்த்துக் கொடுக்கும். நம் கல்லுக்கு ஏற்றுமதி ஆய்வு கவுன்சிலின் கீழுள்ள சென்னை முகமை. 1963-ஆம் ஆண்டின் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. இதுவும் வர்த்தக அமைச்சகத்தின் குடும்பம்தான், ஆனால் கதவு வேறு.

அப்புறம், இந்த அமைச்சகத்தில் இல்லாதவை. ஷிப்பிங் பில், அதிலுள்ள கோடு, வரி வசூல் எல்லாம் கஸ்டம்ஸ், அதாவது நிதி அமைச்சகம். ஜி.எஸ்.டி.யும் அங்கேதான். மரப்பெட்டி முத்திரை வேளாண் அமைச்சகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவு. பணம் வருவது வங்கி, அதற்கு மேலே ரிசர்வ் வங்கி. அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் இறக்குமதிக்கு எதிரான பொருள்குவிப்புத் தடுப்பு வரி போன்றவற்றில், இரண்டு அமைச்சகங்களுக்கு நடுவேயுள்ள இந்த வேலைப் பிரிவினை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். விசாரித்துப் பரிந்துரைப்பது வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள இயக்குநரகம், வரியை விதித்து அறிவிப்பது நிதி அமைச்சகம். ஏற்றுமதியாளருக்கு வரிகளைத் திருப்பிக் கொடுக்கும் ரோடெப் திட்டத்திலும் அதே கதை. எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்பதை டி.ஜி.எஃப்.டி. அறிவிக்கும், கணக்கில் வரவு வைப்பது கஸ்டம்ஸ்.

மலேசியாவிலும் இதே அமைப்புத்தான். மிட்டி ஒப்பந்தம் பேசும், அவர்கள் நாட்டுச் சரக்கு வெளியே போகும்போது பூர்விகச் சான்றிதழ் கொடுக்கும். உள்ளே வரும் சரக்குக்கு வரி போடுவது அரச மலேசியச் சுங்கத் துறை, அது அங்கேயும் நிதி அமைச்சின் கீழ். தரச்சான்று கேட்ட கட்டுமான வாரியம் பொதுப்பணி அமைச்சின் கீழ். மலேசியாக்காரர் தொலைபேசியில் சரியான கேள்வியைத் தவறான துறையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமைச்சகம் எங்கோ தில்லியில் விதியை எழுதுகிறது. அந்த விதி நம் கல்லைத் தொடுவது நாம் அடிக்கும் எண் வழியாக மட்டுமே. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் பொது. ஒப்பந்தத்தில் நமக்காக வாங்கி வைத்த சலுகையும் அந்த எண்ணுக்கு எதிரேதான் எழுதியிருக்கிறது. எண் தப்பினால் சலுகை வேறு பொருளுக்குப் போகும், கட்டுப்பாடு நமக்கு வரும். இந்தச் சரக்கில் அதுதான் நடந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பீங்கானுக்கான தரச்சான்றுக்கு விண்ணப்பிப்பதில்லை. மலேசியாக்காரர் ‘அதையும் வாங்கிக் கொடுத்துவிடுவோமே, பிரச்சினை தீர்ந்துவிடும்’ என்றார். நான் தடுத்தேன். விண்ணப்பித்தால் இது பீங்கான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். மேலும் பீங்கானுக்கு வைத்த நீர் உறிஞ்சும் அளவு போன்ற சோதனைகளில் சிமென்ட் கல் தேறாது, தேறவும் வேண்டியதில்லை. தேறவில்லை என்ற அறிக்கை ஒன்று கோப்பில் ஏறினால் அடுத்த சரக்குக்கும் அது கூடவே வரும்.

இரண்டாவது, மலேசியாவில் 6810 என்றே இறக்குமதி அறிவிப்புச் செய்வது. இறக்குமதி அறிவிப்பு இறக்குமதியாளருடையது. ஏற்றுமதி நாட்டில் ஒருவர் தப்பாக அடித்த எண் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் காகிதம் ஒன்றும் அறிவிப்பு இன்னொன்றும் சொல்லும்போது அதிகாரி ஆதாரம் கேட்பார். அதற்காகப் பட்டறையில் ஒரு கல் ஆரம்பத்திலிருந்து கண்ணாடி விடும்வரை வெட்டாமல் வீடியோ எடுத்தோம். மூலப்பொருள், செய்முறை விவரித்துப் பட்டறையின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் எழுதினோம்.

உண்மையில் வேலை செய்தது இந்த இரண்டும் இல்லை. கன்டெய்னரைத் திறந்தபோது ஓரத்துப் பெட்டி ஒன்றில் கல் உடைந்திருந்தது. கிள்ளான் முகவர் ஒரு துண்டை எடுத்து, உடைந்த விளிம்பைக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பினார். மேலே சில மில்லிமீட்டருக்கு ஒரு பச்சைப் பட்டை, அதன் கீழே வெளிர்ச் சாம்பலாக உலர் கலவை, அடியில் மணல் பரல் தெரியும் சாந்து. நகத்தால் சுரண்டினால் அடிப்பக்கத்திலிருந்து மணல் உதிர்ந்தது. சுட்ட மண்ணில் அப்படி உதிராது. அந்தத் துண்டை அதிகாரியின் மேசையில் வைத்த பிறகு பீங்கானா என்ற பேச்சு வரவில்லை.

மூன்றாவது முடிவில்தான் கருத்து வேறுபாடு. ஒப்பந்தப்படி ஃபார்ம் ஏ.ஐ.யைக் கப்பலேறிய பிறகும், 12 மாதத்துக்குள், ‘பின்தேதியில் வழங்கப்பட்டது’ என்ற குறிப்போடு வாங்க வழி உண்டு. அதை வாங்கி, கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு முதலில் தூத்துக்குடியில் ஷிப்பிங் பில் திருத்தம், பிறகு சென்னையில் சான்றிதழ், பிறகு மலேசியாவில் தனி மனு. ஒவ்வொன்றுக்கும் நாளும் முகவர் கூலியும். மலேசியாக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்து, முழு வரியையும் கட்டிச் சரக்கை எடுத்துவிடுகிறேன், உணவகத் திறப்பு தள்ளிப்போனால் அதைவிட நஷ்டம் என்றார். பணம் அவருடையது, முடிவும் அவருடையது. ஆனாலும், ஒப்பந்தம் கொடுத்த உரிமையைக் கேட்காமலே விட்டதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான்காவது, சரக்கு போய்விட்டது என்று விட்டுவிடாமல் ஷிப்பிங் பில்லைத் திருத்துவது. பட்டறைக்காரருக்கு இது வீண்வேலையாகப் பட்டது. 1962-ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, ஏற்றுமதியான பிறகும் திருத்த இடம் கொடுக்கிறது. ஆனால் ஏற்றுமதி நேரத்தில் இருந்த ஆவணங்களை ஆதாரமாகக் காட்ட வேண்டும். பட்டறையின் சிமென்ட், வெள்ளை சிமென்ட், சாயம் வாங்கிய பழைய பில்கள் இங்கே உதவின. திருத்தாவிட்டால் ரோடெப் வரவு தவறான பொருளுக்கு விழும். அடுத்த முறை சான்றிதழ் கேட்கும்போது, போன வருடம் பீங்கான் அனுப்பியவர் இப்போது சிமென்ட் என்கிறாரே என்ற கேள்வியும் எழும்.

பின் நடந்தவை

சரக்கு வெளியே வந்தது. வரி முழுசாகக் கட்டினார், துறைமுக வாடகையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். உடைந்த கல்லுக்குப் பட்டறை மாற்றுக் கல் தருவதாகவும், அதை அடுத்த சரக்கோடு அனுப்புவதாகவும் பேச்சு. முதல் ஏற்றுமதியில் பட்டறைக்கு மிஞ்சியது உள்ளூர் விற்பனை லாபத்தைவிடக் குறைவு.

ஷிப்பிங் பில் திருத்தம் இழுத்தடித்தாலும் கிடைத்தது. வங்கியில் பணம் வந்ததற்கான மின் சான்றை டி.ஜி.எஃப்.டி. தளத்தில் நாமே உறுதிசெய்யும் வசதி அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது, அது சுளுவாக முடிந்தது.

2025-இல் அதே மலேசியாக்காரர் இரண்டாவது முறை கேட்டார். இந்தத் தடவை முதலில் செலவுக் கணக்குத் தாளைத் தயார் செய்தோம். ஆசியான் ஒப்பந்தத்தில் நம் பொருள் என்று ஏற்க இரண்டு நிபந்தனை. ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளின் மதிப்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் கோடும் செய்த பொருளின் கோடும் ஆறு இலக்கத்தில் வேறாக இருக்க வேண்டும். சிமென்ட் 2523, மணல் 2505, இரும்பு ஆக்சைடு சாயம் 2821, கல் 6810. கோடு மாறுவதில் சந்தேகமே இல்லை.

சதவீதத்தில்தான் சின்ன முடிச்சு. சாயம் எந்த நாட்டது என்று பட்டறைக்காரருக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், “தம்பி, மூட்டையிலே என்ன எழுதியிருக்கோ அதான்” என்றார். மூட்டையில் கடைக்காரர் பெயர்தான் எழுதியிருந்தது. நிரூபிக்க அலைவதைவிட, எல்லாச் சாயத்தையும் வெளிநாட்டது என்றே வைத்துக் கணக்குப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம். நூறு ரூபாய்க் கல்லில் சாயத்தின் பங்கு பத்து ரூபாய்கூட வரவில்லை. மிச்சமெல்லாம் உள்ளூர்ச் சிமென்ட், மணல், கூலி. 35 எங்கே, 90 எங்கே. அப்படி எழுதியதில் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வியும் குறைந்துபோயிற்று.

விண்ணப்பத்தைத் தளத்தில் ஏற்றும்போது டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆடிட்டர் மேசையறையில் பூட்டிக் கிடந்தது, அவர் ஊரில் இல்லை. புதிய தளத்தில் ஆதார் வழியாகவும் கையொப்பமிடலாம் என்பதால் தப்பித்தோம். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கொழும்பில் மாறிப் போவதால், தொடக்கம் முதல் கிள்ளான்வரை ஒரே பி.எல்., அதாவது கப்பல் நிறுவனம் கொடுக்கும் சரக்குச் சீட்டு, இருக்கும்படி முகவரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கினோம். நேரடியாக அனுப்பிய சரக்குக்கே சலுகை என்று ஒப்பந்தம் சொல்கிறது. வழியில் கப்பல் மாறினாலும் சரக்கு வேறு கைக்குப் போகவில்லை என்பதற்கு அந்த பி.எல்.தான் சாட்சி. சரக்கு கேள்வியில்லாமல் வெளியே வந்தது, சலுகையும் கிடைத்தது.

மாற்றியவையும் மாறாதவையும்

பட்டறையின் பில் சாஃப்ட்வேரில் கோடு மாறிவிட்டது. இன்வாய்ஸில் இப்போது ‘கையால் செய்த சிமென்ட் தரை டைல்ஸ், சுடாதது, மெருகுப் பூச்சில்லாதது’ என்று போகிறது. ஏப்ரல் பிறந்ததும் ஐ.இ.சி.யைப் புதுப்பிக்க ஆடிட்டர் அலுவலகச் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் கல்லைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மரப்பெட்டிகளுக்கு நடுவே கட்டை அடைத்துக் கட்டுகிறார்கள். இரண்டாவது சரக்கில் உடைசல் வெகுவாகக் குறைந்தது.

அமைச்சகத்தின் பக்கம் மாற வேண்டியதாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. உதவி இல்லை என்று சொல்ல முடியாது. புது ஏற்றுமதியாளருக்கு வழிகாட்ட நிர்யாத் பந்து என்ற திட்டம் இருக்கிறது. மாவட்டத்தை ஏற்றுமதி மையமாக்கும் முயற்சியில் ஆட்சியர் தலைமையில் குழுக்கள் அமைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் தருவதாக ஒரு தளமும் வந்தது. ஆனால் இவையெல்லாம் ஏற்றுமதியாளராகிவிட்டவருக்கு எட்டுகின்றன. பில்லில் என்ன கோடு அடிக்கிறோம் என்பது அதற்குப் பல வருடம் முன்பே, ஜி.எஸ்.டி. பதிவு செய்யும் நாளில் முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் வர்த்தக அமைச்சகத்தின் ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, இந்த வட்டாரப் பொருள்களான கல், கொட்டான், கண்டாங்கி, பலகாரம் ஒவ்வொன்றுக்கும் சரியான கோடு இதுதான் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தாலே பாதி அலைச்சல் மிச்சம். கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

ஊரில் வேறு சில பட்டறைகளின் பில்லில் இன்னும் 6907 இருக்கிறது. உள்ளூர் வியாபாரத்தில் யாரும் கேட்காதவரை அவர்களுக்கு மாற்றத் தோன்றவில்லை.

இப்போது இவருக்குத் துபாயிலிருந்து ஓர் ஆர்டர் பேச்சில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல் தனி ஒப்பந்தம் உண்டு, அதற்கான சான்றிதழ் வேறு படிவம். இன்னொரு பக்கம், இந்தியாவிலிருந்து வரும் பீங்கான் டைல்ஸுக்கு வளைகுடா நாடுகள் 2020-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டன. அதனால் அங்கே 6907 என்று போனால் வாடகையோடு முடியாமல் போகலாம். மாதிரிக் கல்லோடு ஓர் உடைந்த துண்டையும் சேர்த்துப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.